மிஞ்சின கம்பி

மார்ச் 2, ஞாயிறு

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். பாப்பாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆன அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "இவ மறுபடியும் சைக்கிள் மிதிப்பா, ஆனா சைக்கிள் நகராது" என்று சொன்னேன். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்குப் பெட்டி வந்து இறங்கிவிட்டது.

பாப்பா என்றால் சின்னக் குழந்தை இல்லை. அக்கா மகள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லீவு நாள் வந்தால் சைக்கிள் கூட்டத்தோடு கிளம்பினால், இருட்டின பிறகுதான் வீட்டு நினைப்பு வரும். நிறுத்தியிருந்த காரின் கதவை எவனோ பின்னால் பார்க்காமல் திறந்தான். அதோடு எல்லாம் நின்றது. எலும்பு கூடிவிட்டது. பயம்தான் அப்படியே இருக்கிறது.

பிசியோ அம்மா சொன்ன யோசனை இது: தெருவுக்கு அவசரமில்லை, வீட்டுக்குள்ளேயே சைக்கிளை மாட்டி மிதிக்கட்டும். டர்போ டிரெயினர் என்று பெயர். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து, ஓர் உருளையோடு ஒட்டி வைக்கிற இரும்பு ஸ்டாண்டு. அத்தானுக்கு இஷ்டமில்லை. அவருடைய ஆபீஸ் சிநேகிதர் அந்தச் சைக்கிள் மேல் கண் வைத்திருக்கிறார். "இந்த மாசம் பாப்போம். அவ ஏறலைன்னா குடுத்துடலாம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். பாப்பா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் சரியான வாயாடி. மற்ற நாளாக இருந்தால் அத்தானோடு சண்டைக்கு நின்றிருப்பாள்.

யார் மாட்டப் போவது? இதெல்லாம் ஒரு கேள்வியா.

மார்ச் 3, திங்கள்

மாட்டியாச்சு. என் அறையில்தான். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு இடம் விட்டேன்.

நான் பர்னிச்சர் கடை வேனில் போகிறவன். பீரோ, கட்டில், மேஜை எல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுக்கிறேன். இந்த நகரத்தில் பாதிப் பேர் என் கட்டிலில்தான் தூங்குகிறார்கள். ஒரு நாளும் அந்த விளக்கத்தாளைப் பிரித்ததில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, நான் அதை விடவில்லை. ஆனாலும் கைக்கு இருக்கிற படிப்பு தனி.

மடக்கிய கால்களை விரித்தேன். பின்சக்கரத்து அச்சை இரண்டு பக்கமும் கவ்விக்குள் கொடுத்து முறுக்கினேன். உருளையை டயரோடு அழுத்தினேன். கையால் சுற்றினால் சக்கரம் கும்மென்று பாடுகிறது. பெட்டியில் ஒரு கம்பி மட்டும் மிஞ்சியது. இரண்டு முனையிலும் குமிழ் வைத்த இரும்புக் கம்பி. மிஞ்சினால் கம்பெனிக்காரன் தாராள மனசுக்காரன் என்று அர்த்தம். கருவிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பாப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. அவளை இழுக்கத்தான் பந்தயக் கதையை எடுத்துவிட்டேன். வாலிபத்தில் நான் முதல் கோப்பை வாங்கிய பந்தயம். கடைசித் திருப்பத்தில் ஆள் உயரப் பள்ளத்தில் விழுந்து, கைப்பிடி கோணி, எழுந்து வந்து ஜெயித்தது. அவள் பலமுறை கேட்டதுதான். போன தடவை பள்ளம் இடுப்பளவுதான் இருந்தது என்றாள். வயசாக வயசாகப் பள்ளமும் வளரும் என்றேன்.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "விழுந்த உடனே மறுபடியும் ஏறினீங்களே மாமா, பயமா இல்லையா?"

நான் யோசிக்கவே இல்லை. "பயந்துக்கிட்டேதான் ஏறினேன்."

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுத்த சட்டையை எடுத்தாள்.

பாப்பா ஏறினாள். கொஞ்ச நேரம்தான். ஆனால் ஏறினாள்.

மார்ச் 5, புதன்

கீழ்வீட்டுக்காரர் வந்து, மாடியில் ஏதாவது பாக்டரி ஆரம்பித்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். பழைய மெத்தையை அடியில் போட்டேன். மெத்தை என்னுடையதுதான்.

மார்ச் 8, சனி

மனசே சரியில்லை.

பாப்பா இன்றைக்கு நன்றாக மிதித்தாள். நெற்றியெல்லாம் வேர்வை, முகத்தில் பழைய களை. வேகம் கூட்டினாள். திடீரென்று டக்கென்று ஒரு சத்தம், சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கவ்வியிலிருந்து அச்சு நழுவிவிட்டது. நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், பாய்ந்து தோளைப் பிடித்துவிட்டேன். அடி இல்லை, ஒரு கீறல் கூட இல்லை. ஆனா அவ மூஞ்சிய பாக்க முடியல. அந்தக் கார்க் கதவு அன்னைக்குத் திறந்தது எப்படி இருந்திருக்கும்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.

அவள் அழவில்லை. போர்வையை எடுத்துச் சைக்கிளை மூடினாள். "போதும் மாமா" என்றாள்.

அத்தான் சிநேகிதருக்குப் போன் போட்டு, அடுத்த வாரம் ஞாயிறு வந்து பார்க்கச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பண்ண. மகளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு தடவை பார்த்தவர்.

மெத்தைதான் வழுக்கியிருக்கும் என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. நான் மாட்டினது எப்படிடா கழலும்?

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

ஒரு வீட்டில் கட்டில் பூட்டும்போது போல்ட் தேடிப் பையைக் கவிழ்த்தேன். அந்தக் கம்பி உருண்டு வந்தது. முனையில் இருந்த குமிழைப் பார்த்தேன். உருண்டை. நம் ஸ்டாண்டின் கவ்விக்குள்ளே இருப்பது கிண்ணம் மாதிரிக் குழி. சைக்கிளோடு வந்த, பின்சக்கர அச்சுக்குள் ஓடுகிற கம்பியின் முனையோ ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் கோணல்.

கட்டில்காரம்மா, என்ன சார் நின்னுட்டீங்க என்றார். உங்க கட்டில் ரொம்ப அழகும்மா என்றேன்.

வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக விளக்கத்தாளைப் பிரித்தேன். எழுத்து நமக்குத் தெரியாத பாஷை. முதல் படமே அதுதான்: பழைய கம்பியை உருவு, இதைப் போடு. குழந்தைக்கும் புரியும். உருவினேன், போட்டேன். குமிழ் குழியில் போய் உட்கார்ந்த விதம் இருக்கிறதே, அளவெடுத்துத் தைத்த மாதிரி. இரண்டு கையாலும் ஆட்டினேன். வீடுதான் ஆடியது.

கம்பெனிக்காரன் புது மாடல் பாகம் அனுப்பியிருக்கிறான் என்று வீட்டில் சொன்னேன். பாப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ச் 15, சனி

நாளைக்கு அந்த ஆள் வருகிறார். இனிப் பேச்சில் காரியமில்லை என்று தெரிந்துவிட்டது. போர்வையை எடுத்தேன். பாப்பாவைக் கூப்பிட்டு வாசற்படியில் நிற்கவைத்தேன். "என் எடையைத் தாங்கினா உன்னைத் தாங்காதா?" என்று சொல்லிவிட்டு நானே ஏறினேன்.

என் உடம்பைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். ஒரு கை சுவரில், ஒரு கை கட்டிலில். கால் பெடலுக்கு வருவதற்குள் உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. மிதித்தேன். சக்கரம் நகர மாட்டேன் என்கிறது. மூச்சைப் பிடித்து மிதித்தேன். ஸ்டாண்டு ஒரு நூல் அசையவில்லை. நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

பாப்பா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"மாமா, ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுக்கிட்டு மிதிக்கிறீங்க."

"அந்தக் காலத்துப் பயிற்சி அப்படித்தான். கால் வலுவாகணும்ல."

"கோப்பை வாங்கின கால் ஏன் இப்படி நடுங்குது?"

சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இந்த வீடு கேட்கவில்லை. அக்கா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். என்னை இறக்க இருவரும் சேர்ந்து பிடிக்க வேண்டியதாயிற்று. இறங்கின உடனே, யாரும் சொல்லாமலே, பாப்பா ஏறினாள். கவ்வியைக் குனிந்து ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு மிதித்தாள். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை மிதித்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

அந்த ஆள் வந்தார். காபி குடித்தார். அத்தான் அவரிடம், "இப்ப இல்லப்பா, அது ஓடிக்கிட்டு இருக்கு" என்றார். ஓடாத சைக்கிளை ஓடுகிறது என்று சொன்ன ஒரே மனுஷன் என் அத்தான்தான்.

மார்ச் 29, சனி

பிசியோ அம்மா தலையாட்டிவிட்டார். காலையில் பாப்பா சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து தானே கழற்றினாள். கீழே தெருவில் மெதுவாகப் போனாள். நிறுத்தியிருந்த ஒவ்வொரு காருக்கும் தள்ளித் தள்ளிப் போய், முனை திரும்பி மறைந்தாள். அத்தான் பால்கனிக் கம்பியை விடவே இல்லை. மறுமுனையில் அவள் தலை தெரிந்ததும் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். செருப்பு காலில்தான் இருந்தது.

மேலே வந்து தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "நாளைக்குக் காலையில தெரு காலியா இருக்கும் மாமா. நீங்க ஏறுங்க, நான் சீட்டைப் பிடிச்சுக்கிட்டே வரேன்."

"எனக்கு எதுக்கு?"

"சும்மா. பழசெல்லாம் ஞாபகம் வரட்டும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

இதுவரை எழுதியதெல்லாம் உள்ளது உள்ளபடி. ஒன்றே ஒன்று தவிர. அந்தப் பந்தயம் நடக்கவில்லை. பள்ளமும் இல்லை, கோப்பையும் இல்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பயந்துகொண்டே ஏறினேன் என்று சொன்னேனே, அதுவும் அன்றைக்குப் பொய்தான். பதினைந்தாம் தேதியிலிருந்து அது மட்டும் உண்மை.