மழைக்குச் சந்தா

ஜூலை 3, வியாழன்

வெயில். காற்றில் லேசாகப் புகை வாடை. நான் வேலை பார்க்கிற பல் கிளினிக்கில் இன்று ஆளே இல்லை. கவுண்டரில் உட்கார்ந்தபடியே போனில் வேண்டாததையெல்லாம் சுத்தம் செய்தேன். நேற்று பேங்கிலிருந்து மெசேஜ்: ஆறு வெள்ளி தொண்ணூறு காசு பிடித்திருக்கிறார்கள். எதற்கென்று தெரியவில்லை.

போனைத் தமிழுக்கு மாற்றி ஒரு வாரம் ஆகிறது. பாப்பா சிரிக்கிறாள். இருபத்தாறு வயது, வேலைக்குப் போகிற பெண், இன்னும் பாப்பாதான். "அம்மா, உன் போன்ல எனக்கு ஒண்ணுமே புரியல லா." புரியாவிட்டால் போகட்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்தவள் நான். 'சப்ஸ்கிரிப்ஷன்' இருந்த இடத்தில் இப்போது 'சந்தாக்கள்'. பார்க்கவே அழகாக இருக்கிறது.

உள்ளே இருந்தவை:

படங்கள் சேமிக்க இடம். வேண்டும்.

சீரியல் பார்க்கிற ஆப். வேண்டும். (பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.)

இடுப்பு குறைக்கிற ஆப். நான்தான். ஏழு நாள் இலவசம் என்றார்கள், இரண்டு நாள் குனிந்து நிமிர்ந்தேன், மூன்றாம் நாள் ஆப்பை அழித்துவிட்டேன். அழித்தால் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். ஆப் போய்விட்டது, சந்தா போகவில்லை, இடுப்பும் போகவில்லை.

பாஸ்போர்ட் படத்துக்கு வெள்ளைப் பின்னணி போடுகிற ஆப். பாப்பா. ஒரே ஒரு படத்துக்கு.

மழை.

மழை என்றால் மழைதான். வேறொன்றும் இல்லை, மழைச் சத்தம் மட்டும். நேற்றைய மெசேஜ் இதற்குத்தான், வாராவாரம். கோலாலம்பூரில் இருந்துகொண்டு காசு கொடுத்து மழை கேட்கிறவர் யார்?

இடுப்பு, பாஸ்போர்ட் இரண்டும் ரத்து. மழையை விட்டுவைத்தேன். யார் என்று தெரிய வேண்டாமா?


ஜூலை 4, வெள்ளி

மேகம். மழை இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று போன், ஒரே கணக்கு. என் பெயர், என் கார்டு. பாப்பாதான் "சுலபமா இருக்கும்மா" என்று அப்படிச் செய்துவைத்தாள். ஆகவே மூவரில் யார் வாங்கினாலும் என் தலையில். நான் வாங்கவில்லை. மிச்சம் இரண்டு பேர்.

இன்று கிளினிக்கில் அந்த ஆப்பைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தேன். தூக்கம் வராதவர்களுக்காம். மனம் அமைதி இல்லாதவர்களுக்காம். அதுவரை வேடிக்கையாகத்தான் இருந்தது. படித்த பிறகு அப்படி இல்லை. என் வீட்டில், என் கையால் சாப்பிடுகிற ஒருவருக்கு ஏதோ சரியில்லை. என்னிடம் சொல்லவில்லை.

பாப்பாவிடம் கேட்டேன். "எனக்கு எதுக்கும்மா மழை? மழைன்னா ரோட்டுல ஜேம்தான் ஞாபகம் வரும்." முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை.

அடுத்து இவர். சமையலறையிலிருந்தே கேட்டேன், "என்னங்க, இந்தச் சந்தா உங்களோடதா?"

ஹாலில் பேப்பர் விழுகிற சத்தம். "சாந்தாவா? சாந்தா எப்படி என்னோடவ ஆவா? என்ன பேச்சு பேசுற நீ!" செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார். கிரில் கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

நான் கேட்டது சந்தா. இவர் வாயில் சாந்தா ஏன் வந்தாள்?

சாந்தா: எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருந்தவள். என்னைவிட நான்கு வயது இளையவள். புருஷன் தவறி ஐந்து வருஷம். ஈஸ்டருக்குப் பிறகு கிள்ளானுக்கு வீடு மாறிவிட்டாள். நல்ல குரல். முகமும் அப்படித்தான்.

மீன் கருகிவிட்டது.


ஜூலை 6, ஞாயிறு

காலைப் பூசை. இவர் இன்றும் கொயரில் நிற்கவில்லை. மூன்றாவது வாரம். கேட்டால் "தொண்டை சரியில்ல". முப்பது வருஷமாக அடிக்குரல் பாடுகிறவர். ஓரமாக, பெரிய காற்றாடி இரைகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே பிரசங்கம் ஒன்றுமே கேட்காது.

சாந்தா போனாள், இவருக்குத் தொண்டை போயிற்று. இப்படியெல்லாம் கணக்குப் போடுகிறது மனசு. நற்கருணை வாங்கிவிட்டு வந்து இதை யோசித்துக்கொண்டிருந்தேன், மன்னிக்கவும்.

மத்தியானம் நல்ல மழை. இவர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துணியை எடுக்கச் சொன்னதற்கு "சரிம்மா" என்று எழுந்தார். "சரிம்மா"! அச்சகத்திலிருந்து ரிட்டயர் ஆன இந்த எட்டு மாதத்தில் இவ்வளவு இளகிய முகத்தை நான் பார்க்கவில்லை. மழை நின்றதும் முகம் பழையபடி.

ஒரு யோசனை. ரத்து செய்துவிட்டால்? யாருக்கு வேண்டுமோ அவர் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்.

'சந்தாவை ரத்துசெய்' அமுக்கினேன். ஏன் என்று கேட்கிறது. அதிகம் பயன்படுத்தவில்லை, விலை அதிகம், வேறு நல்ல ஆப் கிடைத்துவிட்டது, பதில் சொல்ல விருப்பமில்லை. 'என் வீட்டில் யார் என்று கண்டுபிடிக்க' என்று ஒன்று இல்லை. பதில் சொல்ல விருப்பமில்லை என்று போட்டேன். உடனே இன்னொன்று வருகிறது: கட்டிய காலம் முடியும்வரை, புதன்வரை, பயன்படுத்தலாம்.

புதன்வரை பொறுமை. எனக்கும் பொறுமைக்கும் வெகுதூரம்.


ஜூலை 8, செவ்வாய்

ஒன்றும் இல்லை. வெயில். தேங்காய், வெங்காயம், கோப்பித் தூள் வாங்க வேண்டும். பாப்பா ஒரு கொட்டாவி விட்டாள். குறித்துக்கொண்டேன். பிறகு அந்த வரியை அடித்தேன், எல்லாரும்தான் கொட்டாவி விடுகிறோம்.


ஜூலை 10, வியாழன்

நேற்றோடு மழை முடிந்தது. ஆப்பில் உள்ளது, வானத்தில் உள்ளது, இரண்டும்.

யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் இன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால், சமையலறைக் குழாய் திறந்து கிடக்கிறது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு இவர். புகை இழுக்கிற காற்றாடியும் ஓடுகிறது. அடுப்பில் ஒன்றும் இல்லை.

"என்னங்க இது?"

"குழாய்ல துரு வருது. ஓட விடுறேன்."

தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்துகொண்டிருந்தது.


ஜூலை 11, வெள்ளி

துணி துவைக்கிற மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு கைக்குட்டைகூட இல்லை. இவர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

பாப்பா சொன்னது: "அம்மா, அப்பா ரேடியோவ ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வச்சிட்டு கேக்குறாரு. வெறும் கொர்ருனு வருது. ஓகேவா அவரு?"

ஓகே இல்லை. அதுமட்டும் தெரிகிறது. மழை இவருடையதுதான். ஆனால் ஏன்? சாந்தா எங்கே வருகிறாள் இதில்? நேராகக் கேட்கலாம். "ஆமாம்" என்று சொல்லிவிட்டால்?

நாளை கிள்ளான் போகிறேன். பிளவுஸ் தைக்கக் கொடுக்க. சாந்தா தைக்கிறாள் அல்லவா.


ஜூலை 12, சனி

கொமுட்டர் ரயிலில் போனேன். கைப்பையில் நீலப் பட்டுத் துணி.

சாந்தாவின் வீட்டில் ஜன்னலோரம் மிஷின், தரையெல்லாம் நூல். என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டாள். "அக்கா! இவ்வளவு தூரம் பிளவுஸுக்கா வந்தீங்க? பிரிக்பீல்ட்ஸ்ல தையல்காரங்களே இல்லையா?" அளவு எடுத்தாள். இடுப்பு ஒன்றரை இன்ச் கூடியிருக்கிறதாம்.

தேநீர் வந்தது. நான்தான் ஆரம்பித்தேன். "எங்க வீட்டுக்காரரு உன்கிட்ட பேசினாரா, இங்க வந்த பிறகு?"

"சேவியர் அண்ணனா?" வாயில் ஊசியோடு சிரித்தாள். "பக்கத்துல நிக்கும்போதே பேசினது கிடையாது. நான் நூத்திப் பன்னெண்டாம் பாட்டுன்னு சொன்னா, அவரு நூத்திப் பத்தொன்பதத் திறந்து வச்சிக்கிட்டு நிப்பாரு. கடைசி மாசம் சுருதியும் சேரல, பாவம். ரெண்டு தடவ சொன்னேன். நான் சொல்றது அண்ணன் காதுல எங்க விழுது!"

நானும் சிரித்துவிட்டு வந்தேன். அவள் முகத்தில் ஒளிக்க ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும், ஒளிப்பவர்களின் முகத்தைத்தான் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ஷா ஆலம் தாண்டும்போது உறைத்தது. காதில் விழவில்லை. நான் சந்தா என்றேன், இவர் காதில் சாந்தா என்று விழுந்திருக்கிறது. நடுவில் ஒரே ஒரு துணைக்கால். ஒரு துணைக்காலுக்காகக் கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மலாய் ஆன்டி நகர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஸ்டேஷனில் சிரிப்பு நின்றுவிட்டது. குழாய். காற்றாடி. காலி மிஷின். மழை.


ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து வந்து இட்லி சாப்பிட்டோம். பாப்பா தோழியோடு வெளியே போயிருந்தாள். இவருக்கு எதிரில், முகம் பார்த்து, மெதுவாகக் கேட்டேன். "காதுல ஏதாவது கேக்குதா உங்களுக்கு?"

கையிலிருந்த இட்லியைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"ஒரு சத்தம். விடாம. வேலைய விட்டு நின்ன மாசத்துல ஆரம்பிச்சுது. அச்சகத்துல இருக்கும்போதே இருந்துச்சோ என்னவோ, மிஷின் இரைச்சல்ல தெரியல. வீடு அமைதியா இருந்தா ரொம்பக் கேக்குது. மழை போட்டா கொஞ்சம் அமுங்கும்."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ தினமும் கேப்ப. இப்ப எப்படி இருக்கு, இப்ப எப்படி இருக்குன்னு. நினைக்கும்போதெல்லாம் அது இன்னும் சத்தமாக் கேக்குது."

உண்மைதான். கேட்டிருப்பேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் போன் போட்டு ஒரு தடவை.

"மழை நின்னு போச்சே, அப்பவாவது கேட்டிருக்கலாமே?"

"நீதான் நிறுத்தியிருப்பன்னு தெரியும். காசு வீணுன்னு நினைச்சிருப்ப. அதான் கேக்கல."

இதை எழுதவே கை வரவில்லை. ஒரு வேடிக்கைக்காக, யார் என்று பார்க்கிற ஆசைக்காக நிறுத்தினேன். நான்கு நாள் இந்த மனுஷன் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. சொன்னேன். "சரி விடு" என்றார்.

அங்கேயே போனை எடுத்து 'மீண்டும் சந்தா செலுத்து' அமுக்கினேன். இதற்கு மட்டும் காரணம் எதுவும் கேட்பதில்லை.


ஜூலை 17, வியாழன்

லீவு போட்டேன். காது டாக்டர். இவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தேன். பல இடங்களில் இவர் விரல் அசையவே இல்லை.

டாக்டர், சீனப் பெண், பொறுமையாகச் சொன்னார். இரண்டு காதிலும் உச்சஸ்தாயிச் சத்தங்கள் கேட்பது குறைந்திருக்கிறது. காது மிஷின் போட்டுப் பார்க்கலாம். அந்த இரைச்சல் குறையலாம், அப்படியே இருக்கவும் இருக்கலாம். பலர் பழகிக்கொள்கிறார்கள். மழை நல்லதுதான், தொடரட்டும்.

வரும் வழியில் வாழையிலைச் சாப்பாடு. எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. சாம்பாரைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.


ஜூலை 18, வெள்ளி

கேட்கவில்லை.

கோப்பித் தூள் இன்னும் வாங்கவில்லை.


ஜூலை 19, சனி

கேட்கவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உயிர் போகிறது. எப்படி இருக்கிறது என்று இல்லை. அது என்ன சத்தம்? மணியா, வண்டா, விசிலா? ஒரே வீட்டில் எட்டு மாதமாக ஒருவருக்கு மட்டும் கேட்கிற ஒன்று. பாப்பாவிடம் சொன்னால் "அம்மா, பிளீஸ் லா, அவரைச் சும்மா விடு" என்கிறாள்.


ஜூலை 20, ஞாயிறு

வானம் மூட்டமாக இருந்தும் பெய்யவில்லை. பூசையில் இவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார், காற்றாடிக்குப் போகவில்லை.

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவரே கூப்பிட்டார். "இங்க வா. ஒரு வாரமா வாயக் கட்டிக்கிட்டு இருக்க. பாக்கவே பாவமா இருக்கு. என்ன சத்தம்னு தெரியணும், அவ்வளவுதானே?"

போனில் ஒரு ஆப் இறக்கியிருந்தார். இலவசம். ஒரே ஒரு கோடு, விரலால் இழுத்தால் சத்தம் ஏறும், இறங்கும். கொயர்க்காரர் இல்லையா, கண்ணை மூடிக்கொண்டு சுருதி பிடிப்பது போலத் தேடினார். "இது இல்ல. மேல. இன்னும் கொஞ்சம் மேல. தாண்டிடுச்சு. கீழ. அங்க. இதான்."

போனை என்னிடம் நீட்டினார். காதருகே வைத்தேன்.

மெல்லிய சத்தம். அந்தக் காலத்தில் இரவு டிவி நிகழ்ச்சியெல்லாம் முடிந்த பிறகு ஒரு நீளச் சத்தம் வருமே, அதைவிட மெலிசு, அதைவிட மேலே. முதலில் "இவ்வளவுதானா" என்று இருந்தது. பிறகு அது நிற்கவில்லை. மூச்சு விடவில்லை. ஐம்பது எண்ணலாம் என்று ஆரம்பித்தேன். இருபதில் பல் கூசியது. முப்பத்தைந்தில் கண்ணில் தண்ணீர். இவர் கண்ணை மூடியபடியே எதிரே உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்ட முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

வீடு அப்படி ஓர் அமைதி. கீழே யாரோ மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எதிர் வீட்டில் குக்கர். போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "நிறுத்திட்டியா?"