காவ்யாவை வைத்து நடத்திய பாடம்

27 ஜனவரி 2025, திங்கள்

இங்கிலீஷ் மிஸ் பிரசவ லீவில் போய்விட்டார். ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷை என் தலையில் கட்டிவிட்டார் பிரின்சிபால் மங்களம் மேடம். "நீங்க சயின்ஸ்னு தெரியும் மேரி. கொஞ்ச நாள் சமாளிங்க" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிப்ரவரி ஏழாம் தேதி டிரஸ்டிலிருந்து இரண்டு பேர் வருகிறார்களாம். நான் பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டுத்தான் என்னை நிரந்தரம் ஆக்குவதா, ஏப்ரலில் அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார்களாம். அவர்கள் பார்க்கப் போவது சயின்ஸ் இல்லை. இங்கிலீஷ். டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். போன பள்ளிக்கூடத்திலும் இரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டு, "இங்கிலீஷ் பத்தலை" என்றுதான் அனுப்பினார்கள். முப்பத்தொன்பது வயதில் இன்னொரு இடம் எவன் தருவான்?

28 ஜனவரி

ஷாரனிடம் பாடம் கேட்டேன். பெற்ற பெண்ணிடம். எட்டாவது படிக்கிறாள். நான் "மோர் பிக்கர்" என்றதும் சிரித்தாள் பாருங்கள், என் வீட்டுக்காரர் பால்ராஜ், சட்டையை அயர்ன் பண்ணுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"சின்ன வார்த்தைன்னா பின்னாடி இஆர் போடும்மா. பெரிய வார்த்தைன்னா முன்னாடி மோர். ரெண்டையும் சேத்துப் போடாத."

குட், பெட்டர், பெஸ்ட் மட்டும் ஏன் அப்படி என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றாள். நான் சயின்ஸ் வகுப்பில் சொல்கிற அதே பதில்.

29 ஜனவரி

ஆவடியில் ஏறி வேப்பம்பட்டில் இறங்கும் வரை ரயிலில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா நான் ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்து மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டார்.

30 ஜனவரி

வழி கிடைத்துவிட்டது. பிள்ளைகளையே நிறுத்திப் பாடம் நடத்துவது. நான் புதிதாக ஒரு வாக்கியமும் யோசிக்க வேண்டாம். ரூபஸ் வகுப்பிலேயே உயரம். ஸ்வாதி நடுத்தரம். காவ்யா குள்ளம். மூன்று பேரையும் நிறுத்தினேன்.

ஸ்வாதி ஈஸ் டால். ரூபஸ் ஈஸ் டாலர் தேன் ஸ்வாதி. ரூபஸ் ஈஸ் தி டாலஸ்ட். காவ்யா ஈஸ் தி ஷார்ட்டஸ்ட்.

முப்பத்து நாலு பேரும் கூரை பிய்ந்து போகிற மாதிரி சொன்னார்கள். மங்களம் மேடம் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இதேதான். ஒரு எழுத்து மாத்தாதீங்க. தினமும் ஒத்திகை பாருங்க" என்றார். முதல் தடவையாக மூச்சு வந்தது.

31 ஜனவரி

இன்று ஆறு தடவை. கடைசி வரி மட்டும் மற்றதைவிடச் சத்தமாக வருகிறது. சிரிக்கிறார்கள். காவ்யாவும் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

3 பிப்ரவரி, திங்கள்

கை தூக்கும் ஒத்திகை. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடக்கிற வித்தைதான். கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. நான் வலது கைகளாகப் பார்த்துக் கூப்பிடுவேன். வந்தவர்களுக்கு வகுப்பே மேதைகளாகத் தெரியும்.

காவ்யா வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கையில் விரல் அடிகளில் வரிசையாகக் கொப்புளம். ஒன்று உடைந்து சிவந்திருக்கிறது. இன்னொரு கையும் அப்படியே.

"என்ன இது?"

"விளாண்டேன் மிஸ்."

என்ன விளையாட்டு இப்படிக் கையைப் புண்ணாக்கும்? கேட்க நேரமில்லை. நாலு நாள்தான் இருக்கிறது.

4 பிப்ரவரி

சாயங்காலம் காவ்யாவின் அம்மா ரேணுகா வந்தாள். ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள், புடவையெல்லாம் ஈரம். சண்டைக்கு வந்தாள் என்றுதான் நினைத்தேன். அவள் சண்டை போட்டிருக்கலாம்.

"ஜன்னல் கம்பிய புட்ச்சிக்கினு தொங்குது மிஸ். ஸ்கூல் உட்டு வந்தா அதே வேல. எறங்குடின்னா எறங்க மாட்டேங்குது. இன்னாத்துக்குடின்னா, வெள்ளிக்கெயமக்குள்ள ஒசரமாவணும்னு சொல்லுது. வேன்ல அல்லாரும் ஷார்ட்டஸ்ட்டுன்னுதான் கூப்புடறாங்களாம். அப்டின்னா இன்னா மிஸ்?"

நான் அர்த்தம் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நானும் குள்ளந்தான் மிஸ்" என்றாள். பிறகு போய்விட்டாள்.

என் வாயில் வராத இங்கிலீஷுக்கு ஒரு பத்து வயசுக் குழந்தையை முட்டுக் கொடுத்திருக்கிறேன். சீ.

5 பிப்ரவரி

மாற்றிப் பார்த்தேன். மூன்று பென்சில்களைத் தூக்கிக் காட்டினேன். லாங், லாங்கர், லாங்கஸ்ட். ஒழுங்காகச் சொன்னார்கள். சின்னப் பென்சிலைத் தூக்கியதுதான் தாமதம், மொத்த வகுப்பும் "காவ்யா ஈஸ் தி ஷார்ட்டஸ்ட்!" பென்சிலைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்கள். இனிமேல் சொல்லக் கூடாது என்றேன். தலையாட்டினார்கள். மறுபடி தூக்கினேன். மறுபடி அதே. அவ்வளவு நன்றாக நடத்தியிருக்கிறேன்.

மேடத்திடம் போய் வேறு பாடம் கேட்டேன். முடியாது, பாடத்தின் பேரை டிரஸ்டுக்கு எழுதி அனுப்பியாகிவிட்டது என்றார். காரணத்தைச் சொன்னேன். "அப்ப அந்தப் பொண்ண அன்னிக்கு லீவு போடச் சொல்லுங்க. சரியாப் படிக்காதவங்க நாலு பேரையும் ஏற்கெனவே வர வேணாம்னு சொல்லியாச்சு, அதோட அஞ்சு. உங்க வேலைய நீங்க பாத்துக்கணும் மேரி."

பால்ராஜிடம் கேட்டேன். "குழந்தைக்கும் நல்லதுதானே, அங்க நின்னு அவமானப்பட வேணாம்" என்றார். அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

6 பிப்ரவரி

ரேணுகாவுக்கு போன் பண்ணினேன். நாளைக்கு அனுப்ப வேண்டாம், கை ஆறட்டும் என்றேன். கை ஆறட்டுமாம்! எப்படி வந்தது அந்தப் பொய், தயங்காமல்?

"தேங்க்ஸ் மிஸ்" என்றாள்.

7 பிப்ரவரி, வெள்ளி

காவ்யா வந்துவிட்டாள்.

காலையில் வேனிலிருந்து இறங்குகிறாள். தலைக்கு எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல், வெள்ளை ரிப்பன். "அம்மா வேலைக்குப் போய்ட்டாங்க மிஸ். நானே கெளம்பி வந்துட்டேன். இன்னைக்கு நான் இல்லைன்னா யார் நிப்பா மிஸ்?"

என்ன சொல்வது? நாலாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். இன்று ஒரு நாள் மட்டும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலாம் வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு தட்டி. இருமினால் கேட்கும்.

பத்தரைக்கு வந்தார்கள். ஒரு பெரியவர், ஒரு அம்மா. பிள்ளைகள் கை எல்லாம் சரியாகத் தூக்கினார்கள். என் வாயும் தடுமாறவில்லை. கடைசி வாக்கியத்தை நான் தொடவே இல்லை. ரூபஸோடு நிறுத்திவிட்டு போர்டு பக்கம் திரும்பினேன். பின்னால் இருபத்தொன்பது குரல். "காவ்யா ஈஸ் தி ஷார்ட்டஸ்ட்!"

பெரியவர் சிரித்தார். "ஹூ ஈஸ் காவ்யா?"

எல்லாக் குழந்தைகளும் தட்டியைப் பார்த்தன. ஒன்றும் பேசவில்லை. அவர்களுக்கு நான் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"ஆப்சென்ட், சார்" என்றேன்.

தட்டிக்கு அந்தப் பக்கமும் சத்தமே இல்லை.

8 பிப்ரவரி

ஷாரன் இரண்டு தடவை கேட்டாள், டெமோ எப்படி என்று. நன்றாகப் போனது. அதுதான் உண்மை.

9 பிப்ரவரி, ஞாயிறு

சர்ச்சுக்குப் பூசைக்குப் போனேன். செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்லி என்ன? மன்னிக்க வேண்டியது அவர் இல்லையே.

10 பிப்ரவரி, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. சகாயமேரி, நிரந்தர ஆசிரியை. மங்களம் மேடம் கை குலுக்கினார். ஸ்டாஃப் ரூமில் சமோசா. மூன்று வருஷமாக இந்தக் காகிதத்துக்காகத்தான் ஜெபம் பண்ணியிருக்கிறேன். கைப்பைக்குள் நாலாக மடித்து வைத்தேன். திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வேனுக்குப் போகும் முன் காவ்யா வந்தாள். ஸ்டாஃப் ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமையைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"மிஸ், நான் நாலாவதுலயே உக்காந்துக்கட்டா?"

"எதுக்கும்மா?"

"அங்க என்னைவிட ரெண்டு பேர் குள்ளம் மிஸ். அளந்து பாத்தோம்."

நான் பதில் சொல்வதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார். ஓடிவிட்டாள்.

11 பிப்ரவரி

தைப்பூச லீவு. நாள் முழுக்க என்ன சொல்வதென்றே யோசித்தேன். இங்கிலீஷில் இல்லை.

12 பிப்ரவரி, புதன்

வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்று போர்டுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அதன் கீழே நின்று தமிழில் பேசினேன். காவ்யாவை எழுப்பி நிறுத்தவில்லை. உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டேன். ஒரு குழந்தையை நிறுத்தி வைத்து உங்கள் எல்லாரையும் அப்படிச் சொல்ல வைத்தது நான் செய்த தப்பு, வெள்ளிக்கிழமை அவள் இல்லை என்று சொன்னது அதைவிடப் பெரிய தப்பு, காவ்யா, என்னை மன்னிச்சிடும்மா என்றேன். ரூபஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்வாதி அழுதாள். யார் மேடத்திடம் போய்ச் சொன்னாலும் சொல்லட்டும்.

"பரவால்ல மிஸ்" என்றாள் காவ்யா. நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

சாப்பாட்டு பெல் அடித்தது. ஸ்வாதி நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். காவ்யா டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி, நாலாம் வகுப்புக்குப் போனாள்.