சிக்னலில் அணையும் இன்ஜின்

மார்ச் 4

இன்றும் பொத்தான் சண்டைதான். மகன் ஓட்டுவது வாடகைக் கார், புதுசு. சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணையும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாகக் கிளம்பும். இவனோ தினமும் ஏறி உட்கார்ந்ததும் ஒரு பொத்தானை அமுக்கி அந்த வசதியையே நிறுத்திவிடுகிறான்.

"சும்மா சும்மா கிளப்பினா இன்ஜின் தேய்ஞ்சுடும். இத்தனை வருஷமா ஓட்டறேன், எனக்குத் தெரியாதா?"

"தேயாதுப்பா" என்றாள் பேத்தி.

"நேத்துப் படிச்சு முடிச்சவ எனக்கு இன்ஜின் சொல்லித் தர்றா!" சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விட்டான்.

அவள் வேலையே இன்ஜினைச் சோதிப்பதுதான். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

மார்ச் 9

பேத்தியிடமே கேட்டேன். அவள் கம்பெனியில் ஓர் இன்ஜினை இராப்பகலாக நிறுத்தி நிறுத்திக் கிளப்புகிறார்களாம். ஒரு காரின் ஆயுளில் நடப்பதைச் சில மாதங்களில் நடத்திவிட்டு, பிரித்துப் பார்ப்பார்களாம். இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் உலோக வளையம்தான் பேரிங். சுழலும்போது நடுவில் எண்ணெய் மெத்தை மாதிரி நிற்கும். நின்றால் மெத்தை அமுங்கிவிடும். மறுபடி கிளம்பும் அந்தக் கணம்தான் உரசல். அதைத் தாங்கத்தான் இந்தக் கார்களில் பேரிங்குக்கு ஒரு பூச்சு. சூடாக இருக்கும்போது கிளப்பினால் உரசல் குறைவு, ஆறிக் கிடந்ததைக் கிளப்பினால்தான் அதிகமாம்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கிவிட்டது. அப்படியென்றால் சொன்னவள் எப்பேர்ப்பட்டவள்!

மார்ச் 10

வாய் சும்மா இருக்கவில்லை. "என் தையல் மெஷின் ஒரு காலர் அடிக்கறதுக்குள்ள எத்தனை தடவை நின்னு கிளம்புது? தேய்ஞ்சா போச்சு?" என்றேன் மகனிடம்.

"அதுல நாலு பேர ஏத்திப் பாரு, தெரியும்" என்றான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 14

அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் நான், ரேடியோ மாதிரி.

மார்ச் 21

நாளைக்குக் கம்பெனியில் அந்த இன்ஜினைப் பிரிக்கிறார்கள். பேத்தி சரியாகச் சாப்பிடவில்லை.

"தேய்ஞ்சிருந்தா அவ்வளவுதான் பாட்டி. அப்புறம் நான் என்ன சொன்னாலும் அப்பாகிட்ட எடுபடாது."

"தேய்ஞ்சிருந்தா என்ன சொல்லுவே?"

"தேய்ஞ்சிருக்குன்னுதான்."

எனக்கு அது போதும். ஆனாலும், சாமி — தேயாமல் இருக்கட்டும்.

மார்ச் 22

அந்த இன்ஜினிலேயே இரண்டு வகை பேரிங் போட்டுப் பார்த்தார்களாம். பூச்சுள்ளதில் லேசான பளபளப்பு, அவ்வளவுதான். சாதாரணமானது தேய்ந்து உள்ளே செம்பு தெரிகிறதாம். ஒன்றையும் ஒளிக்காமல் சாப்பாட்டு மேஜையில் அப்படியே சொன்னாள்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல!" மகன் குதித்தான். அட பாவி, இதையா பிடித்துக்கொள்வாய்?

பிறகு கை கழுவிவிட்டு வந்து நின்றான். "என் வண்டில எது இருக்கு?"

வண்டியைப் பற்றி அவன் அவளிடம் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"பூச்சு போட்டதுதான்ப்பா. நீங்க வாங்கின அன்னிக்கே பாத்துட்டேன். பேட்டரி மட்டும் மாத்தும்போது இதுக்குன்னு உள்ளதத்தான் போடணும். விலை கூட."

"அதானே, எங்கயாவது கடிக்காம இருக்குமா?" என்றான். முகத்தில் கோபம் இல்லை.

ஏப்ரல் 2

கண் டாக்டரிடம் போக மகன் காரில் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னால் சவாரிக்கு ஏறிய ஒரு அம்மாள். சிக்னலில் இன்ஜின் அணைந்தது. அவன் கை பொத்தான் பக்கமே போகவில்லை.

"என்னப்பா, இப்படி நின்னு நின்னு கிளம்பினா இன்ஜின் என்னத்துக்கு ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. என் பொண்ணு பிரிச்சே பாத்துட்டா." சீட்டில் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, பேரிங், எண்ணெய் மெத்தை, பூச்சு என்று ஆரம்பித்தான்.

பச்சை விழுந்தும் முடிக்கவில்லை. பின்னாலிருந்து எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.