காரம் போதாது என்ற சகலை

ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். காற்றில் ஈரம் அதிகம். நேற்றுத் துவைத்த துண்டு இன்னும் காயவில்லை. வானிலை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்னும் எதை எழுத உட்கார்ந்தாலும் வானத்தில்தான் தொடங்குகிறேன். வேறு எதில் தொடங்குவது? நேற்று நடந்ததில் தொடங்கலாம். கை வர மறுக்கிறது.

எழுதித்தான் பார்க்கிறேன்.

மாடியில் மைத்துனி வீட்டுச் சமையலறையில்தான் சிப்ஸ் தொழில் நடக்கிறது. என் மனைவி, அவள் தங்கை, தங்கையின் கணவர், மூவரும் சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சீவிப் பொரித்துப் பொட்டலம் கட்டிக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். தங்கையின் கணவர், அதாவது என் சகலை, பெரிய ஓட்டல் ஒன்றில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். "என் நாக்குதான் என் பட்டம்" என்று யாரைப் பார்த்தாலும் சொல்வார். ருசி பார்ப்பது அவர் பொறுப்பு. என் பொறுப்பு, தண்ணீரில் ஊறிய சீவல்களைத் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுப்பது. சின்ன வேலைதான். ஆனால் மனைவி பக்கத்திலேயே நின்று செய்கிற வேலை. அவள் சீவுவாள், நான் ஒற்றுவேன். பேசிக்கொண்டே இருப்போம். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை.

நேற்றுக் காலை ஒரு சிப்ஸை வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு கரித்தது. "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோன்னு தோணுது. எனக்குத்தான் அப்படி இருக்கோ என்னவோ" என்று சொன்னேன். சகலை திரும்பிப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. ஆனால் உடனே சிரித்துக்கொண்டு, "அப்போ இன்னிக்கு நீங்களே ஒரு தட்டு பொரிங்களேன்" என்றார். பொரித்தேன். அள்ளுங்க என்று அவர் சொன்னபோது அள்ளினேன், நன்றாகவே வந்தது. "சூடா இருக்கும்போதே டப்பால போட்டு இறுக்கி மூடுங்க. வெளிய ஈரக் காத்து" என்றார். மூடினேன்.

மத்தியானம் ஒரு கம்பெனி கேன்டீனின் மேலாளர் வந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் தினமும் அங்கே நம் சிப்ஸ் போகும். சகலை என் டப்பாவைத்தான் முதலில் திறந்தார். எல்லாம் நமுத்துத் தொய்ந்திருந்தன. ஒன்றை எடுத்துத் தன் விரலில் மோதிரம் மாதிரி சுற்றிக் காட்டினார்.

"நம்ம ஈரப்பதம் சார் மோதிரம் செஞ்சிருக்காரு. யாருக்கு நிச்சயம்னு தெரியல."

ஈரப்பதம் என்பது அவர் எனக்கு வைத்த பெயர். மேலாளர் சிரித்தார். மைத்துனி சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், இருந்தாலும் சிரித்தாள்.

"நீங்க கீழ போய் பேப்பர் படிங்க சகலை. அடுப்புப் பக்கம் உங்களுக்கு வேண்டாம்."

தோளில் ஈரத்துணியோடு படியிறங்கி வந்தேன். துணியைத் திருப்பிக் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

மறக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

மனைவி காலையில் மாடி ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் இறங்குகிறாள். மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போகிறாள். அவர்கள் மாடியில் சிரிப்பது ஜன்னல் வழியாகக் கேட்கிறது. ஈரம் ஒற்ற இப்போது யார்? கேட்டேன். "மின்விசிறிக்குக் கீழ போட்டுடுறோம்" என்றாள்.

என் இடத்தில் ஒரு மின்விசிறி.

ஜூன் 8, சனி

கிழங்கு வாங்கிவந்தேன். காய்கறிக்காரம்மா, "என்ன சார், அவங்கதான் மாடியில மூட்டை மூட்டையா வாங்குறாங்களே, உங்களுக்குத் தனியாவா?" என்றாள். "ஆராய்ச்சி" என்றேன். "நல்லா பண்ணுங்க, கிழங்கு பாவம்" என்றாள்.

மெலிதாகச் சீவினேன். தண்ணீரில் போட்டு மாவு போகும்வரை அலசினேன். துணியில் ஒற்றினேன், அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. எண்ணெய் காய்ந்ததும் போட்டேன். மொறுமொறுவென்று ஆகட்டும் என்று காத்திருந்தேன். ஆகவே இல்லை. தொளதொளவென்று மிதந்துகொண்டே இருந்தன. பிறகு சட்டென்று எல்லாம் கறுத்தன. வீடெங்கும் புகை. கசப்பு.

இறங்கி வந்தவள் மூக்கைச் சுளித்தாள். "என்னங்க இது வாடை?"

"மேலேருந்து வருது போல."

இந்த வயதில் பொய். அதுவும் சிப்ஸுக்காக.

ஜூன் 11, செவ்வாய்

கண்டுபிடித்தேன்.

இதில் சர்க்கரை இருக்கிறது. எண்ணெய்க்குள் மொறுமொறுப்பு வராது, அதற்குள் கருகிவிடும். எண்ணெய் மிதமாகக் காய்ந்தால் போதும். ஓரம் சுருண்டு, சலசலப்பு அடங்கத் தொடங்கும்போது, இன்னும் தொய்வாக இருக்கிறபோதே ஜல்லிக்கரண்டியில் அள்ளிவிட வேண்டும். தட்டில் ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வருகிறது. இன்று ஒன்றை விரல்களுக்கிடையே பிடித்து ஒடித்தேன். அந்தச் சத்தம். சமையலறையில் தனியாக நின்று மறுபடி மறுபடி ஒடித்துக்கொண்டிருந்தேன்.

பாதியைச் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடிவைத்தேன். பிறகு திறந்தால் மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. எல்லாம் நமுத்துவிட்டன.

சூடான ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டால் நீராகும். வாழ்நாள் முழுக்க பனி எப்படி இறங்குகிறது என்று எழுதிவந்தவன் நான். ஒரு சிப்ஸ் டப்பாவில் அது தெரியாமல் போயிற்று. சரி, எனக்குத் தெரியவில்லை. அவருக்குமா தெரியாது? தினமும் ஆறவைத்துத்தானே மூடுகிறார்?

ஒருவேளை மறதியாகச் சொல்லியிருக்கலாம். அவசரத்தில் –

இல்லை. அவன் வேண்டுமென்றே சொன்னான்.

ஜூன் 13, வியாழன்

மிளகாய்க் கடைக்குப் போனேன். இருப்பதிலேயே காரமானது எது என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு சாக்கைப் பிரித்ததுமே எனக்குத் தும்மல்.

"இது பழக்கமில்லாதவங்க தாங்க மாட்டாங்க சார். யாருக்கு?"

"சொந்தக்காரருக்கு."

"ரொம்ப நெருங்கின சொந்தமோ?"

"ஆமாம்."

அவர் சிரிக்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவருக்கும் ஒரு சகலை இருக்கலாம்.

திட்டம் எளிது. அடுத்த சனிக்கிழமை கேன்டீன் மேலாளர் மறுபடி வருகிறார். இந்த முறை கார சிப்ஸ் வேண்டுமாம். அதற்கு முன் ஞாயிறன்று நான் ஒரு தட்டோடு மாடிக்குப் போவேன். அந்தப் பட்டம் வாங்கிய நாக்கு எல்லார் முன்னாலும் துடிக்க வேண்டும். தண்ணீர் தண்ணீர் என்று அவன் ஓட வேண்டும். நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். என் மனைவி சிரிக்க வேண்டும்.

இப்படியெல்லாம் நான் நினைப்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. நல்ல பசி எடுக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுத வேண்டும்.

பொரித்தேன். சூடு ஆறுவதற்குள் மிளகாய்த்தூளைத் தூவிக் குலுக்கினேன். ஆறியதும் தட்டோடு படியேறினேன். பாதியில் திரும்பிவிடலாமா என்று நின்றேன். திரும்பவில்லை.

"அட, ஈரப்பதம். என்ன, நிச்சயதார்த்தம் முடிஞ்சுதா?" என்றான்.

"காரமா கொஞ்சம் செஞ்சு பார்த்தேன். நீங்க சொன்னா சரியா இருக்கும்."

ஒன்றை எடுப்பான் என்று நினைத்தேன். ஒரு பிடி அள்ளினான். மைத்துனி ஒன்று, என் மனைவி ஒன்று.

அவன் மென்றான். கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு மென்றான். பிறகு சொன்னான்: "பரவால்லையே சகலை, மொறுமொறுப்பு வந்துடுச்சு. உப்புதான் ஒரு பொட்டு தூக்கல். காரம் போதாது."

அதற்குள் மைத்துனி வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர்ப் பானைக்கு ஓடிவிட்டாள். என் மனைவிக்கு முகம் சிவந்து கண்ணிலும் மூக்கிலும் நீர். "ஐயோ, என்னத்தங்க போட்டீங்க, அத்தனையும் நெருப்பு" என்று முதுகை வளைத்து இருமினாள்.

அவன் அவளைப் பார்த்தான். தன் மனைவியைப் பார்த்தான். அப்புறம்தான் இருமத் தொடங்கினான்.

கீழே வந்து மேசையைப் பார்த்தேன். அளந்து வைத்த உப்பு கிண்ணத்தில் அப்படியே இருந்தது. பதற்றத்தில் போடவே இல்லை.

அவனுக்கு நாக்கு இல்லை.

ஜூன் 17, திங்கள்

ஒரே ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவு சொல்லக் கூடாது. வானிலை அலுவலகத்தில் அப்படிப் பழக்கினார்கள். இன்று வெறும் மஞ்சள்தூள் மட்டும் போட்டு ஒரு சின்னத் தட்டு அனுப்பினேன். மனைவி வந்து சொன்னாள்: "இப்ப காரம் எடுப்பா இருக்குன்னு தம்பி சொன்னாரு. எனக்கு ஒண்ணுமே தெரியல. நேத்து உங்களால நாக்கு வெந்துபோச்சு, அதான் போல."

"இருக்கும்" என்றேன்.

இன்று வெயில். வானம் சுத்தமாக இருக்கிறது.

ஜூன் 19, புதன்

யாரிடம் சொல்வது? மேலாளரிடம் எல்லார் முன்னாலும் சொல்லலாம். "ஐயா, இவருக்கு உப்பும் தெரியாது, காரமும் தெரியாது, வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்." கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். குரல் கம்முகிறது. மெதுவாகச் சொன்னால் யாருக்கும் கேட்காது. கேட்காவிட்டால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். மறுபடி சொல்ல என்னால் முடியுமா?

முடியும். மோதிரத்தை நினைத்துக்கொண்டால் முடியும்.

ஜூன் 20, வியாழன்

அவனே வந்தான். சகோதரிகள் இருவரும் கடைகளுக்குப் பொட்டலம் கொடுக்கப் போயிருந்த நேரம். கதவைத் தட்டிவிட்டு நின்றான். என் வீட்டுக் கதவை அவன் இதற்கு முன் தட்டியதே இல்லை, நேராக உள்ளே வருவான்.

"தெரிஞ்சுக்கிட்டீங்க, இல்ல?"

நாற்காலியைக் காட்டினேன்.

"போன குளிர்ல காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு அண்ணே. வாயில பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. எதைப் போட்டாலும் ஒண்ணுதான், மிளகாய் எரிச்சல்கூடத் தெரியல. டாக்டர் திரும்பினா திரும்பும்ங்கறாரு. அவளுக்குக்கூடத் தெரியாது. பழைய அளவுல கை பழகினதை வச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன்."

அண்ணே. இத்தனை காலத்தில் முதல் முறை.

"டப்பாவை மூடச் சொன்னீங்களே, அது?"

தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்குக் காலையில உப்பு தூக்கல்னு சொன்னீங்க. பயந்துட்டேன். இவரு தினம் பக்கத்துல நின்னா ஒரு நாள் கண்டுபிடிச்சிடுவாருன்னு... உங்களைக் கீழ அனுப்பணும்னுதான் செஞ்சேன்."

"மோதிரம்?"

"அது வாய்ல வந்துடுச்சு."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். நாற்காலியில் அவன் ரொம்பச் சின்னதாகத்தான் தெரிந்தான். வரவில்லை. அவன் மனைவி அவனை எப்படிப் பார்ப்பாள், மேலாளர் என்ன சொல்வார் என்றெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் இனித்தது.

"சனிக்கிழமை நான் அடுப்புப் பக்கம் நிப்பேன்" என்றேன். "ருசி நான் பார்ப்பேன். யாருக்கும் தெரியாம. டப்பா விஷயத்தை என் மனைவிகிட்ட நீங்களே சொல்லணும், நான் இருக்கும்போது. அப்போ வெளிய சொல்ல மாட்டேன்."

குரல் கம்மவில்லை.

"சரி அண்ணே" என்றான்.

ஜூன் 21, வெள்ளி

சொன்னான். அவள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நான் துணியை விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, அன்னிக்கு சூட்டோட டப்பாவை மூடச் சொன்னது நான்தான். தப்பு அவர் மேல இல்ல."

"அப்படியா" என்றாள் அவள். சிப்ஸ் சீவும் கட்டையிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை. "அது கெடக்கட்டும் தம்பி, அந்தக் கிழங்கை இப்படித் தள்ளுங்க."

அவ்வளவுதான்.

நான் எத்தனை இரவு புரண்டிருக்கிறேன். அப்படியா என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டாள். அவள் என் முகத்தைப் பார்த்து வருந்துவாள் என்று எதிர்பார்த்தேனோ? இது போதவில்லை. இது எனக்குப் போதவே போதாது.

ஜூன் 22, சனி

மேலாளர் வந்தார். கார சிப்ஸ் மூன்று தட்டு போட்டோம். ஒவ்வொரு தட்டுக்கும் சகலை ஒன்றை எடுத்து எனக்கு நீட்டி, "பதம் பாருங்க" என்பான். நான் மென்று, உப்பு குறைந்தால் இடது பக்கம் பார்ப்பேன், காரம் குறைந்தால் வலது பக்கம். சரியென்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். முன்னமே பேசிவைத்தது.

மேலாளர் வாயில் போட்டதும் புருவம் உயர்ந்தது. "யாரு ருசி பார்த்தது? அளந்து வச்ச மாதிரி இருக்கு."

"எல்லாம் இவர் நாக்குதான்" என்று மைத்துனி தன் கணவனைக் காட்டினாள். அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் முதல் தினமும் கேன்டீனுக்குப் போகிறது.

ஜூலை 2, செவ்வாய்

என் இடம் திரும்பக் கிடைத்துவிட்டது. அவள் சீவுகிறாள், நான் ஒற்றுகிறேன். நடுவில் அடுப்புப் பக்கம் போய் ருசி பார்த்துவிட்டு வருகிறேன். மின்விசிறியைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு தட்டுக்கும் அவன் கரண்டியோடு காத்து நிற்கிறான். அந்தக் காத்திருப்பை நான் நீட்டுகிறேன். மெதுவாக மெல்கிறேன். தண்ணீர் குடிக்கிறேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிறது.

ஜூலை 9, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. காற்று காய்ந்திருக்கிறது.

இன்று முதல் தட்டு இதுவரை வந்ததிலேயே அருமையானது. உப்பும் காரமும் கிழங்கின் இனிப்பும் ஒன்றையொன்று முந்தாமல் வந்தன. பொரித்தது அவன் கைதான், அதை மறுக்க முடியாது. வாயில் போட்டதும் கை தானாகக் கண்ணாடிக்குப் போகப் பார்த்தது.

"எப்படி வந்திருக்கு அண்ணே?" என்றான். ஆசையாகத்தான் கேட்டான். அவன் கைக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

இடது பக்கம் பார்த்தேன். பிறகு வலது பக்கமும் பார்த்தேன்.

அவன் முகம் வாடியது. வாடியதை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். தட்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் கிழங்கை எண்ணெயில் போட்டான்.

ஒதுக்கியதை வீணாக்க வேண்டாம் என்று சொல்லிக் கீழே எடுத்துவந்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு துண்டு விடாமல் தின்றேன். மனைவி வந்து வெறும் தட்டைப் பார்த்தாள்.

"நல்லா இல்லைன்னு ஒதுக்கினதையா இவ்வளவும் சாப்பிட்டீங்க?"

"பசி" என்றேன்.