பெயிண்ட் அடிக்காத சதுரம்

செப். 22, திங்கள். லோத்குண்டா, சிகந்தராபாத்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

சுற்றுச்சுவரில், பாசி படர்ந்த மூலையில், இரண்டு கூண்டுகள்! புழு தன் உடம்பு முடியையே பிய்த்துப் பின்னியது. டீ வடிகட்டி மாதிரி. நடுவே கூட்டுப்புழு தொங்குகிறது. சியானா என்ற அந்துப்பூச்சிப் பேரினம்தான்.

போன மாதம் இதே சுவரில் பிடித்த அந்துப்பூச்சிகள் எல்லாம் பெண். வெள்ளை இறக்கை, குறுக்கே சிவப்புப் பட்டை, கறுப்புப் புள்ளி. பட்டையின் வளைவு எந்த விவரிப்போடும் ஒத்துப்போகவில்லை. புதுச் சிற்றினமோ? கைடு மேடம் மசியவில்லை. "இறக்கையைப் பார்த்துச் சொல்றதெல்லாம் அந்தக் காலம். ஆண் ஒண்ணு கொண்டு வா. பிறப்புறுப்பைப் பிரிச்சுப் பார்க்காம பேர் வைக்க முடியாது."

ஆண் இல்லையென்றால் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் இல்லை. டிசம்பரோடு உதவித்தொகையும் நிற்கும்.

(பார்க்க: பழைய நூல்களில் ஆர்க்டீடே குடும்பம், இப்போது எரெபிடே. வாடகை வீடு மாறுவது போல் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.)

செப். 23, செவ்வாய்

லிஃப்டில் அறிவிப்பு: தசராவுக்குச் சுற்றுச்சுவர் பெயிண்டிங், நாளை. செயலாளர் தாமோதரன் சார் வீட்டுக்கு ஓடினேன். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், தாத்தா காலத்திலிருந்தே சிகந்தராபாத்; 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்று இந்த ஊர் உருது அவர் தமிழில் கலந்துவிடும்.

"கைக்கு மா, ஒரு பூச்சிக்கு இவ்ளோ லடாய்?"

"சார், அந்தப் பாசியைத் தின்னுதான் அது வளருது. பிரியாணில போடுற கல்பாசிக்குச் சொந்தம்."

"பிரியாணி சாமான் நம்ம சுவத்துலயா!" சிரித்தார். "பேத்து எடுத்துட்டுப் போயேன்."

பெயர்த்தால் கூண்டு பிய்ந்துவிடும். முன்பு ஒன்று அப்படித்தான் செத்தது. சொன்னேன். "பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்றுதானே அர்த்தம்?

செப். 24, புதன்

ரோலர் சத்தம். பல்கூடத் துலக்காமல் ஓடினேன். எனக்கு முன்னால் தா. சார், குடையோடு.

"நக்கோ பாய், நக்கோ! இதை விட்டுட்டு மத்ததை அடி."

கூண்டுகளைச் சுற்றிச் சாக்பீஸால் சதுரம் போட்டார். பெயிண்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

செப். 26, வெள்ளி

தா. சார் காபி டம்ளரோடு சுவர் முன்னால்தான். பல்லி விரட்டுகிறார். வாக்கிங் போகிறவர்களை நிறுத்திக் காட்டுகிறார்: "நம்ம வீட்டுக் குழந்தை."

ஒரு கூட்டுப்புழுவில் துளை. ஒட்டுண்ணிக் குளவி தின்றுவிட்டுப் போயிருக்கிறது. போச்சு. மிச்சம் ஒன்றுதான். அதுவும் பெண்ணாக இருந்தால்?

"வெளிய வந்தா எப்போ பறக்கும் மா?"

"இறக்கை காய்ஞ்சதும், சார்."

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மறக்காதே: ஊசி, பொட்டாஷ், பால்.

செப். 28, ஞாயிறு

வெயில். கீழேயிருந்து தா. சார்: "ஏ மா, வந்துடுச்சு! ஓடி வா!"

கூண்டின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. இறக்கை இன்னும் ஈரம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முன்னிறக்கையின் அடிப்பக்கம், மேல் விளிம்பில் மடல். ஆண்! சந்தோஷம்தான், ஆனால் அவர் பக்கத்திலேயே நின்றார், போனில் வீடியோ எடுத்துக்கொண்டு.

"பறக்கப் போறப்ப சொல்லு மா. பேரனுக்கு அனுப்பணும்."

இறக்கை காய்ந்து விரிந்தது. பறந்தால் போச்சு. பையிலிருந்த கொல்லும் பாட்டிலை அதன்மேல் கவிழ்த்தேன். கொஞ்சம் துடித்தது. அவ்வளவுதான்.

அவருக்குப் புரியவில்லை. "வீட்டுல வெச்சு வளக்கப் போறியா?"

"இல்ல சார். வயித்தைப் பிரிச்சுப் பாக்கணும். அப்பதான் என்ன இனம்னு தெரியும்."

போனை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பெயிண்ட்லயே போயிருக்குமே மா. நான் கைக்கு நிறுத்தினேன்?"

மாடிக்கு வந்துவிட்டேன். வயிற்றைப் பிரித்தெடுத்து, சதை கரையப் பொட்டாஷில் போட்டாயிற்று.