விரிசல் விழாத வில்லை

நேற்று காளவாசலில் மூக்குக் கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். கடைக்காரர் புது லென்ஸை ஏதோ திரவம் தொட்டுத் துடைத்தார். ஆல்கஹால் வாடை. "மேல கோட்டிங் போட்டிருக்கு மேடம், லேசுல கீறல் விழாது" என்றார். அந்தப் பூச்சுக்குப் பின்னால் இருப்பது நாம் இருவரும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய வேதியியல்தான். நீ போன பிறகு உன்னைப் பற்றி எதுவும் எழுதியதில்லை. அந்த வாடை எழுத வைத்துவிட்டது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. ஊருக்கு மேற்கே இருந்த பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே நெறியாளரிடம் நாம் ஆய்வு மாணவிகள். நான் செக்கானூரணிப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். நீ மகால் பக்கம், சுங்குடிச் சேலை வியாபாரம் செய்த சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டிலிருந்து போன் வந்தால் உங்கள் மொழியில் தணிந்த குரலில் நெடுநேரம் பேசுவாய். வைத்ததும் என் பக்கம் திரும்பி, "மாப்ள வீடு" என்று அத்தனையையும் சுருக்கிச் சொல்லிவிடுவாய்.

மணலை உருக்காமல் கண்ணாடி செய்வது நம் வேலை. சிலிக்கான் சேர்மம் ஒன்றைத் தண்ணீர், ஆல்கஹால், சில சொட்டு அமிலத்தோடு கலக்குவோம். தண்ணீர் போலவே இருக்கும் அது, கண்ணுக்குத் தெரியாத வலையாக மெல்லப் பின்னிக்கொண்டு, ஒரு நாள் பீக்கரைச் சாய்த்தாலும் சாயாமல் நிற்கும். அதுதான் ஜெல். அதைக் காயவைத்து உலையில் சுட்டால், மணல் உருகும் சூட்டைவிட வெகு குறைந்த சூட்டிலேயே கண்ணாடியாகிவிடும். ஆனால் காயும்போதே எல்லாம் கெட்டுவிடும். நுண்துளைகளில் இருக்கும் திரவம் வெளியேறுகையில் சுவர்களை உள்ளே இழுக்கும். மேல்பக்கம் முந்திச் சுருங்கும், உள்பக்கம் பின்தங்கும், வெடித்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் பீக்கரில் சில்லுகள் கிடக்கும். "கற்கண்டு ரெடி, வா" என்று கூப்பிடுவாய்.

ஓர் ஐப்பசியில், விடாமல் மழை பெய்த நாட்களுக்குப் பிறகு, ஒரு பீக்கரில் மட்டும் விரிசலே இல்லாத வில்லை இருந்தது. நாணயம் அளவுதான். நான் கத்தியே விட்டேன். நெறியாளர் எழுந்து உன்னிடம் வந்தார்.

"ஒண்ணு வந்திருச்சில்லம்மா? போட்டோ எடுத்துச் சேத்து தீசிஸ முடிச்சிரு. வீட்ல அவசரப்படுத்துறாங்கன்னு சொன்னியே."

"இன்னொண்ணு வரலையே சார். இது மட்டும் ஏன் வெடிக்கலன்னு தெரியல."

"அப்ப தெரியலன்னே எழுதேன்."

"எழுதலாம் சார். ஆனா செஞ்சா வரும்னு எழுத முடியாதே."

அவர் கெட்டவரில்லை. உன் கல்யாணத்தை நினைத்துத்தான் சொன்னார். பரமக்குடிச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். நீ ஆய்வேட்டைக் கொடுத்ததும் தையில் கல்யாணம் என்று ஏற்பாடு. தை வந்தது, போனது. உன் அப்பா ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி, "அதான் வந்திருச்சாமேம்மா, இவ இன்னும் எதுக்குக் கெடந்து..." என்று என்னிடம் ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நீ வெளியே வந்து அவருக்குத் தமிழிலேயே பதில் சொன்னாய், எனக்கும் சேர்த்துச் சொல்வது போல.

"இன்னும் கொஞ்ச நாள் வேணும்ப்பா. மாப்ள வீட்ல காத்திருக்க மாட்டாங்க. தெரியும்."

அன்று பஸ்ஸில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "எம்புட்டு நல்ல எடம்டி. ஒரு கண்ணாடித் துண்டுக்காகவா?"

"துண்டுக்காக இல்லடி. நான் எழுதினத நம்பி இன்னொருத்தி செய்வாள்ல. அவளுக்கும் வெடிக்கும். அவ யாரப் போயி கேப்பா?"

மழையில் ஈரமாக இருந்த காற்றுதான் அந்த வில்லையைக் காப்பாற்றியிருக்கும் என்று நீதான் யோசித்தாய். நம் ஊர் வறட்டுக் காற்று ஜெல்லின் மேல்பக்கத்தை அவசரமாகக் காயவைக்கிறது. எனவே பீக்கர்களை ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து, பக்கத்திலேயே ஒரு தட்டில் தண்ணீரும் ஆல்கஹாலும் ஊற்றி, மூடியில் ஊசியால் துளையிட்டாய். திரவம் நிதானமாக வெளியேறியது. சித்திரை வெயிலிலேயே அடுத்தடுத்து வில்லைகள் முழுசாக வந்தன. வெடித்த சிலவற்றுக்கும் காரணம் சொல்ல முடிந்தது. அதற்குள் பரமக்குடி மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணமாகியிருந்தது.

பிறகு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாய். உன் கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது, ஆனால் உனக்கு நல்ல துணை அமைந்தது. சில வருடங்களில் புற்றுநோய். சிகிச்சை முடிந்து எடுத்த முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். நான் அல்வா வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். நீ பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை.

"ஒரு தடவ நல்லா வந்திருக்கு. அடுத்ததும் வரட்டும்டி, அப்பறம் கொண்டாடலாம்."

"இது லேப் இல்லடி" என்றேன்.

நீ சிரித்துவிட்டு, பொட்டலத்தை நீயே பிரித்தாய். உன் கணவர் காபி போட்டுக் கொண்டுவந்தார். விளக்கு வைக்கும் நேரம் வரை பழைய கதைகளையே பேசினோம். அல்வாவில் பாதிக்கு மேல் நீதான் தின்றாய்.

அடுத்த ஸ்கேன் நல்லபடியாக வரவில்லை.

இன்று என் ஆய்வு மாணவிகள் கொண்டுவரும் எந்த முடிவையும், அவர்கள் மறுமுறை செய்து காட்டாமல் நான் ஒப்புக்கொள்வதில்லை. உன்னிடமிருந்து வந்த பழக்கம். அல்வா தின்ற அந்தச் சாயங்காலம் மட்டும் அதற்கு விலக்கு. அது ஒரே தடவைதான் வாய்த்தது. எனக்கு அது போதும்.