உள்பக்கக் கைப்பிடி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அருங்காட்சியகத்துக்கு நாங்கள் ஐந்து மாணவர்கள் செய்யும் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கண்ணில் ஒரு கருவியை மாட்டினால், முன்பு தீப்பற்றி எரிந்த பஞ்சாலைக்குள் நிற்பதுபோல் இருக்கும். அதில் கதவை வரைந்தது நான்.

நேற்று சோதனைக்கு, அந்தத் தீயில் தப்பிய பெரியவரை அழைத்தோம். "என்னம்மா, குதிரைக்குக் கண்பட்டை கட்டுற மாதிரி கட்டுறே?" என்று சிரித்தார். காட்சியில் புகை எழுந்ததும் கையை நீட்டிக் கதவைத் தேடினார். வெகுநேரம் காற்றைத் தடவினார்.

"கைப்பிடி வச்சிருக்கியே. உள்பக்கம் அது கிடையாதும்மா. வெளியில இருந்துதான் திறக்கணும்."

எந்த ஆவணத்திலும் அந்த விவரம் இல்லை. கதவென்றால் கைப்பிடி இருக்கும் என்று நானாக வைத்தது.

"எடுத்துடட்டுமா ஐயா?"

"எடுத்துடு. இருந்தா, நாங்க திறக்காம நின்னோம்னு நெனச்சுக்குவாங்க."

எடுத்தேன். ஒரு நிமிட வேலை. வேறு எதுவும் அவருக்கு என்னால் செய்ய முடியவில்லை.

மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. நம் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் அடிக்கடி இறுகிக்கொள்ளுமே, தச்சரை அழைத்து மாற்றிவிடுங்கள். அதுவரை உள்ளே தாழிடாதீர்கள். வெளியிலிருந்து திறக்க நான் அங்கே இல்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்